தற்காலிக ரீச்சர்

கணக்கெடுக்க வந்த அந்த இரண்டு பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். கோபம் இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது. அவர்கள் படித்து முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்து, கிடைத்த வேலையைச் செய்தவர்கள், கையில் கொடுத்த கருவியில் பொத்தானை அமத்தியவர்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தால் கோபம் போய்விடுமா?

நான் மன்னார்த் தீவில் கீரிப் பக்கம் இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கிறவள். மகள் அப்போது ஆறாம் வகுப்பு. மகன் முன்பள்ளி. அவன் வயிற்றில் இருக்கும்போதுதான் என் கணவர் நீர்கொழும்புப் பக்கம் கடற்றொழிலுக்குப் போனார். பருவம் முடிந்து கூடப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். இவர் வரவில்லை. அங்கே வேறொரு குடும்பம் ஆகிவிட்டது. அதைச் சொல்ல வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் வேலிப் படலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் கரைக்கு வரும் மீனை வெட்டி, உப்புப் போட்டு, காயவைத்துக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தேன். மழைக்காலத்தில் அந்த வேலையும் இல்லை. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் நிவாரணம் மாதா மாதம் வங்கிக்கு வரும். அது வந்தால் அரிசியும் மாவும் வரும். அவ்வளவுதான் எங்கள் வீட்டு நிலவரம்.

மகன் போன முன்பள்ளி பக்கத்து ஊரில் கத்தோலிக்கக் கோயிலோடு சேர்ந்தது. அங்கே படிப்பித்த ரீச்சருக்குப் பேறுகாலம் நெருங்கியது. அதை நடத்திய சிஸ்டர், மகனைக் கூட்டிக்கொண்டு போக வந்த என்னை ஒருநாள் வாசலில் மறித்தார்.

“நீர் ஏ.எல். படிச்சனீரெல்லே?”

“ஓம் சிஸ்டர். பாஸ் பண்ணினனான். கம்பஸ் போகத்தான் மார்க்ஸ் காணேல்லை.”

“அவ பிள்ளை பெத்துத் திரும்பி வருமட்டும் வந்து நில்லுமன். காலமையில மட்டும்தான். பெரிய சம்பளம் எண்டு சொல்ல ஏலாது. மூண்டு மாதம் வரும், கூடினா இன்னும் கொஞ்ச நாள்.”

நான் யோசிக்கக்கூட இல்லை. மகனும் அங்கேதான் இருக்கப்போகிறான். மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடலாம். வந்து மீன் வேலையையும் பார்க்கலாம். வேண்டாம் என்று சொல்ல என்ன இருக்கிறது?

அந்த மூன்று மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் விளங்காது. அலுமாரியில் கிடந்த சேலைகளை எடுத்து உதறிக் கட்டினேன். கையில் மீன் வாடை போகட்டும் என்று தேசிக்காய் தேய்த்துக் கழுவினேன். பிள்ளைகளுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அவர்கள் வீட்டிலும் அதே வாடைதான். நண்டு உடைத்துச் சதை எடுக்கும் கொட்டகையில், நண்டு வாடியில், வேலை செய்யும் ஒரு பெண்ணின் மகள் வந்த நாளிலிருந்து யாரோடும் வாய் திறக்கவில்லை. நான் களிமண்ணில் ஒரு நண்டு செய்து அவளிடம் கொடுத்தேன். கால் காணாது, குறையுது என்று சொன்னாள். அதுதான் அவள் அங்கே பேசிய முதல் பேச்சு. எண்ணிப் பார்த்தேன், உண்மையாகவே காணாதுதான். அன்றைக்கு முழுக்க எனக்குச் சிரிப்பு.

ஊரில் என்னை “ரீச்சர்” என்று கூப்பிடத் தொடங்கினார்கள். முன்பு “ஏய் பிள்ளை, இஞ்ச வா” என்று கூப்பிட்ட மீன் முதலாளியும் “ரீச்சர், இண்டைக்குச் சாளை கொஞ்சம் கூட, ஏலுமோ?” என்று கேட்டார். கிடைத்த சம்பளத்தில் மகளுக்குக் கண்ணாடி எடுத்துக் கொடுத்தேன். வகுப்பில் பலகையில் எழுதுவது தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தே இவ்வளவு நாளும் எழுதியிருக்கிறாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவள் பஸ்ஸின் பெயர்ப் பலகையைத் தூரத்தில் வைத்தே உரத்து வாசித்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கணக்கெடுப்பு வந்தது. யாருக்கு நிவாரணம் கொடுப்பது, யாரை வெட்டுவது என்று புதிதாகப் பார்க்கிறார்களாம். பக்கத்து வீட்டு அக்கா, கணவனை இழந்தவ, எதிலும் உசார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டா.

“இஞ்ச, அவளவை அங்கால வீட்டுக்கு வந்திட்டாளவை. வேலைக்குப் போறன் எண்டு வாய் தவறியும் சொல்லிப்போடாத. அந்தச் சேலையை முதல்ல மாத்து.”

“அது என்ன அக்கா, களவு வேலையோ செய்யிறன்? இன்னும் ஒரு மாதத்தில முடிஞ்சிடும் எண்டு உள்ளதைச் சொல்லுவம்.”

அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. நான் சேலையை மாற்றவில்லை.

வந்த பிள்ளைகள் மரியாதையானவர்கள். கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்தேன். ஒருத்தி கேள்வி கேட்டாள். மற்றவள் கையிலிருந்த ரப்பில், அந்தத் தட்டைக் கணினியில், விரலால் அமத்தினாள்.

“என்ன தொழில் அக்கா?”

“மீன் காயப்போடுறனான். இப்ப கொஞ்ச நாளைக்கு மட்டும் நேசரியில நிக்கிறன். ரீச்சர் ஒராள் பிள்ளைப்பேறுக்குப் போட்டா. அவ வந்தவுடனை நான் வேலையை விட்டிடுவன்.”

“அப்ப ஆசிரியர்.”

“ஆசிரியர் இல்லைத் தங்கச்சி. தற்காலிகம். அதுவும் அரைநாள்.”

ரப்பை வைத்திருந்தவள் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். “தற்காலிகம் எண்டு போட இதில இடமில்லை அக்கா. தொழில் இருக்கு, இல்லை. ரெண்டில ஒண்டுதான்.”

“அப்ப இல்லை எண்டு போடுங்கோ.”

“இப்பதானே இருக்கு எண்டு சொன்னீங்கள்.”

பிறகு கணவரைப் பற்றிக் கேட்டார்கள். விட்டிட்டுப் போய்விட்டார் என்றேன். கோட்டில் வழக்குப் போட்டுப் பிரிந்ததா என்று கேட்டார்கள். கோட்டுக்குப் போக எனக்கு ஏது வழி? இல்லை என்றேன். செத்தும் போகவில்லை, பிரிந்தும் போகவில்லை என்றால் அவர் குடும்பத் தலைவர்தான். தொழில் மீன்பிடி. நாலு வருஷமாக ஒரு பால்மாப் பெட்டிகூட வாங்கித் தராத மனுஷன் அந்த ரப்புக்குள் எங்கள் வீட்டில் இருந்து உழைத்துக்கொண்டிருந்தார். நானும் ஆசிரியராக உழைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் உழைக்கும் வீடு. போகும்போது அந்தப் பிள்ளை, “யோசியாதேங்கோ அக்கா, மேல பாத்துச் சரிசெய்வினம்” என்றாள். மேலே யார் இருக்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியாது.

பேறுகாலம் முடிந்து அந்த ரீச்சர் வந்தா. நான் வீட்டுக்கு வந்தேன். மீன் வேலைக்குத் திரும்பினேன். அதற்குப் பிறகுதான் புதிய பெயர்ப்பட்டியல் வந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. வேலை இருந்த காலம் முழுக்க நிவாரணமும் வந்தது. வேலை போன பிறகு, வேலை இருக்கிறதென்று சொல்லி நிவாரணத்தை நிறுத்தினார்கள். இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். எல்லாரும் தலையை ஆட்டுகிறார்கள். ஒருவருக்காவது இது அநியாயம் என்று கத்தத் தோன்றவில்லை.

எங்கள் கிராம அலுவலர் விதானையாரிடம் போனேன்.

“நீங்கள் ரீச்சர்தானே?” என்றார்.

“இப்ப இல்லை.”

“கணக்கெடுக்கேக்க இருந்தனீங்கள்தானே?”

“அப்ப இருந்தனான். இப்ப இல்லை. பசி இப்பதானே வருது.”

அவர் நல்ல மனுஷன். எரிந்து விழவில்லை. மேன்முறையீடு போடச் சொன்னார். அதைக் கையால் எழுதிக் கொடுக்க முடியாது, ஒன்லைனில் போடவேண்டும். கணினி வைத்திருக்கும் கொமினிகேசன் கடையில் பொடியன் ஒருவன் போட்டுத் தந்தான். பிறகு காத்திருப்பு. வாடைக் காற்று வந்தது, கடல் கொந்தளித்தது, மீன் குறைந்தது. காசு கட்ட முடியாமல் மகளை ரியூசன் வகுப்பில் இருந்து நிற்பாட்டினேன். அவள் அழவில்லை. கண்ணாடியைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“அம்மா, நீங்கள் ரீச்சராப் போகாம விட்டிருக்கலாம். இந்தக் கண்ணாடி இல்லாமலும் நான் சமாளிச்சிருப்பன்.”

யாராவது என்னை அடித்திருந்தால்கூட அப்படி நொந்திராது. ஒரு தாய் வேலைக்குப் போனது பிழை என்று ஒரு பிள்ளைக்கு யார் படிப்பித்தது? நான் படிப்பிக்கவில்லை. முன்பள்ளியும் படிப்பிக்கவில்லை.

கடைசியில் பிரதேச செயலகக் கந்தோரில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அங்கிருந்த அதிகாரி என்னை இருக்கச் சொன்னார், தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். முன்பள்ளியில் இப்போது வேலை செய்யவில்லை என்று சிஸ்டரிடம் வாங்கிக் கொண்டுபோன கடிதத்தைப் பார்த்தார். பிறகு, எனக்கு நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்:

“படிச்சிருக்கிறீங்கள். திறமையும் இருக்கு. நிவாரணத்தை நம்பி இராமல் ஒரு நிரந்தர வேலை தேடலாமே?”

“சேர், தேடித்தானே போனனான். அந்த வேலைக்குப் போனதாலதானே இஞ்ச வந்து நிக்கிறன்.”

“இல்லை, நான் சொல்லுறது நிரந்தரமா...”

“நிரந்தர வேலை ஒண்டு மன்னார்த் தீவில எங்க கிடக்கு எண்டு சொல்லுங்கோ சேர். இப்பவே போறன். காலமை பிள்ளையளை அனுப்பி, மத்தியானம் கூட்டிக்கொண்டு வந்து, அதுகளுக்குச் சமைச்சுக் குடுக்க ஒராளும் இல்லாத எனக்குக் கிடைக்கிறது உப்பிடி அரைநாள் வேலை, மூண்டு மாத வேலைதான். அதுக்குப் போனா வெட்டுறீங்கள். போகாட்டா சோம்பேறி எண்டுறீங்கள். ரெண்டில எதைச் செய்ய?”

என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கணினியைப் பார்த்தபடியே, பிரிந்து இருக்கிறேன் என்று கணவரே எழுதிக் கையொப்பம் வைத்த கடிதம் ஒன்று வேண்டும், அது வந்தால் சரிசெய்யலாம் என்றார்.

விட்டுப்போனவனிடம் போய், நீ என்னை விட்டுப்போனது உண்மைதான் என்று எழுதித் தா என்று நான் கேட்கவேண்டும். கந்தோரை விட்டு இறங்கினேன். வெயிலில் பஸ் நிலையம் வரைக்கும் நடந்தேன். வாய்க்குள் வந்த கெட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

கணவரின் நம்பரைத் தேடி எடுக்கவே நாள் போனது. போன் எடுத்துப் பேசியபோது ஒரு பெண் குரல். நான் யாரென்று சொன்னேன்.  அவள் சிங்களச் சாயலில் தமிழ் பேசினாள்.

“அவர் கடலுக்கு. என்ன வேணும் அக்கா?”

அக்கா என்றாள். நான் போனை வைத்துவிட நினைத்தேன். வைத்தால் மகளின் ரியூசன் நின்றது நின்றதுதான். சொன்னேன். கடிதம், கையொப்பம், கந்தோர், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அவர் குடுக்க மாட்டார். பேருக்கு ஏதும் வந்திடும் எண்டு பயம். நான் எடுத்துத் தாறன். எனக்கும் பிள்ளை இருக்கு.”

எப்படி எடுத்தாளோ தெரியாது. எங்கள் பக்கத்துப் பேசாலைக்கு மீன் ஏற்ற வந்த லொறிக்காரன் கையில் அது வந்து சேர்ந்தது. அவருடைய கோணல் எழுத்து, கையொப்பம், அந்த ஊர்ச் சாட்சி ஒருவரின் கையொப்பம். அவளுக்கு நன்றி சொல்லி மெசேஜ் அனுப்பினேன். அனுப்பிவிட்டுக் கிணற்றடியில் போய் இருந்தேன். அவளை வெறுத்துக்கொண்டு நாலு வருஷம் இருந்தவள் நான். எனக்கிருந்த அந்த ஒரேயொரு வெறுப்பையும் ஒரு கந்தோர்க் கட்டளை பிடுங்கிக்கொண்டு போனது. அவளுக்கு நன்றி சொல்லும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்தவர்களை நான் மன்னிக்கப் போவதில்லை.

நிவாரணம் திரும்பக் கிடைத்தது. முந்தியதை விடக் குறைவு. நிறுத்திய மாதங்களுக்கு ஒன்றும் இல்லை. கேட்டதற்கு, அது அப்படித்தான் என்றார்கள். மகள் மறுபடி ரியூசனுக்குப் போனாள்.

இதெல்லாம் முடிந்து மூச்சு விட்ட நேரம் சிஸ்டர் எங்கள் வீட்டுக்கே வந்தார். அந்த ரீச்சரின் கைக்குழந்தைக்குச் சுகமில்லை, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறாவாம். திரும்ப எப்போதென்று தெரியாது.

“உம்மை விட்டா எனக்கு ஒருத்தரும் இல்லை. பிள்ளையளும் உம்மைத்தான் கேட்குதுகள்.”

“ஏலாது சிஸ்டர்.”

“உடம்புக்கு ஏதுமோ?”

“உடம்புக்கு ஒண்டும் இல்லை. வேலை செய்ய எனக்கு விருப்பம். செய்ய விடினமில்லை.”

அவர் திரும்பிப் போனார். அடுத்த திங்கள் முன்பள்ளி திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மகன் புத்தகப் பையைப் போட்டுக்கொண்டு படலையில் நின்று அழுதான். புதன்கிழமை நண்டு வாடியில் வேலை செய்யும் அந்தப் பெண், களிமண் நண்டுக்குக் கால் எண்ணியவளின் தாய், மகளையும் இழுத்துக்கொண்டு வந்து என் படலையில் நின்றாள்.

“உனக்கு மாதம் பிறந்தா வீட்டை காசு வரும். எனக்கு வாடிக்குப் போனாத்தான் சோறு. இவளை எங்க விட்டிட்டுப் போக? மூண்டு நாளாப் போகேல்லை. வாடி முதலாளி இனி வராத எண்டு சொல்லிப்போட்டான். உனக்கென்ன, நீ இருந்து தின்!”

நானும் கத்தினேன். ரோட்டில் நின்று இரண்டு பேரும் கத்தினோம். என் பெயர் வெட்டினதிலிருந்து நீர்கொழும்புக் கடிதம் வரைக்கும், ஊருக்குத் தெரியாமல் வைத்திருந்ததையெல்லாம் அந்த ரோட்டில் கொட்டினேன். அவள் கத்துவதை நிறுத்தினாள். அவளுக்கும் நிவாரணம் இல்லையாம். வாடியில் வேலை என்று கணக்கெடுப்பில் சொல்லிவிட்டாளாம். அந்த வாடி வருஷத்தில் பாதிநாள் பூட்டிக் கிடக்கும்.

அந்தப் பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது.

அன்று பின்னேரம் சிஸ்டரிடம் போனேன். “நாளைக்குத் திறக்கிறன். ஆனா சம்பளம் வேண்டாம். ஒரு சதமும் தராதேங்கோ. எந்தக் கொப்பியிலும் என்ரை பெயரை எழுதாதேங்கோ. ஆரும் கேட்டா நான் சும்மா வந்து நிக்கிறன் எண்டு சொல்லுங்கோ.”

“இது சரியில்லையே, பிள்ளை.”

“சரியில்லைத்தான் சிஸ்டர். சம்பளம் வாங்கினா நான் உழைக்கிறவள். வாங்காட்டா வேலையில்லாத ஏழை. அவையின்ரை கணக்கு அப்பிடித்தான்.”

ஏழெட்டுக் கிழமை போனேன். அதே சேலைகள், அதே பிள்ளைகள், அதே வேலை. காலமை முழுக்க நின்று படிப்பித்து, மத்தியானம் வந்து வெயிலில் மீன் பிரட்டினேன். முந்தின சந்தோஷம் இல்லை. பிள்ளைகளுக்கு அது தெரியாமல் பார்த்துக்கொண்டேன். நண்டு வாடிப் பெண்ணை மறுபடி வேலைக்கு எடுத்தார்கள். சில நாள் மகளைக் கூட்டிப்போக வரும்போது இரண்டு நண்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்து தருவாள். பேச மாட்டாள். நானும் பேசாமல் வாங்கிக்கொள்வேன்.

அந்த ரீச்சர் குழந்தையோடு சுகமாகத் திரும்பிய கிழமை, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவில் அறிவித்தல் வாசிக்கும்போது பங்குச் சுவாமியார் என்னைப் பற்றிச் சொன்னார். ஒரு சதமும் வாங்காமல் நம் பிள்ளைகளுக்காகத் தன் நேரத்தைக் கொடுத்த ஒரு தாய் நம் நடுவில் இருக்கிறா, அவவின் தியாகம் நமக்கெல்லாம் முன்மாதிரி என்றார். சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். கோயில் முழுக்கக் கைதட்டியது. என் மகளும் தட்டினாள், பெருமையோடு. பின்வரிசையில் விதானையாரும் தட்டினார்.

தியாகமாம். நான் தியாகம் செய்யவில்லை. என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். செய்த வேலைக்குக் கூலி வாங்க எனக்குப் பயம் வரும்படி செய்துவிட்டு, வாங்காததற்குக் கை தட்டுகிறார்கள். எழுந்து நின்று இதைச் சொல்லவேண்டும் என்று இருந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் எழும்பவில்லை.

வெளியே மரத்தடியில் விதானையார் என்னிடம் வந்து, “நல்ல காரியம் செய்திருக்கிறீங்கள் ரீச்சர்” என்றார்.

“அப்பிடிக் கூப்பிடாதேங்கோ ஐயா,” என்றேன். “ஆரும் கேட்டுப் பதிஞ்சு போடுவினம்.”

அவர் சிரித்தார். பகிடி என்று நினைத்துவிட்டார்.